சீட்டு வைக்காத கடிதங்கள்

அன்பு மகள் தும்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் சுகம், அங்கே உன் சுகத்துக்குப் பதில் போடு என்று எழுதத்தான் கை போகிறது. எத்தனையோ வருஷப் பழக்கம். ஆனால் இந்தத் தடவை அந்த வரியை விட்டுவிடுகிறேன். நான் அவ்வளவு சுகமாக இல்லை, நீயும் இல்லை என்பது போன வியாழக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. எழுத்து பெரிது பெரிதாகக் கோடு தாண்டி ஓடுகிறதே, அப்பா தள்ளாடிக்கொண்டே எழுதுகிறாரா என்று நினைக்காதே, இடது கண் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. அதையும் சொல்கிறேன், எல்லாவற்றையும் சொல்கிறேன். படித்து முடிக்கும்வரை இதைக் கிழித்துப் போடாமல் இருந்தால் போதும்.

நீ என்னோடு பேசுவதை நிறுத்தி ஐந்து வாரமாகிறது. போனை எடுப்பதில்லை, 'வேலை இருக்கு' என்று இரண்டு வார்த்தையில் ஒரு செய்தி, அவ்வளவுதான். உன் கோபம் நியாயமான கோபம். நீயும் மாப்பிள்ளையும் நான்கு மாதமாகத் தனித்தனியாக இருப்பதாகவும், சலவைக்கடை மாடியில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருப்பதாகவும் எழுதிவிட்டு, கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தாய். "நான் திரும்பி வந்தா அந்த வீட்ல எனக்கு இடம் இருக்காப்பா" என்று. அதற்குப் பிறகு என் கையெழுத்தில் உனக்கு வந்த கடிதத்தில், உன் அறையில் கால் வைக்கக்கூட இடமில்லை, இனிமேல் உனக்கு அங்கே ஏதாவது வேண்டுமென்றால் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான் என்று பெரிய வேடிக்கையாக எழுதியிருந்தது. அதை எழுதியது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் தும்பி, அது உன் கேள்விக்கு எழுதிய பதில் இல்லை. உன் கடிதம் இந்த வீட்டுக்கு வந்து சேருமுன்பே எழுதி, உறையில் போட்டு, ஒட்டி வைத்த கடிதம் அது. இப்படி ஒரு கூத்து எப்படி நடந்தது என்று சொல்ல வேண்டுமென்றால் உன் அம்மாவின் எவர்சில்வர் பெட்டியிலிருந்து தொடங்க வேண்டும். பொறுமையாகப் படி.

தெருக்கோடியில் பழைய மேஜை நாற்காலி விற்ற கடை இருந்ததல்லவா, அதைத்தான் படைவீரர்களுக்குக் கடிதமும் பார்சலும் அனுப்புகிற கூடமாக மாற்றினார்கள் என்று அம்மா உனக்கு எழுதியிருப்பாள். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுவாரமே அவள் அங்கே போய் உட்கார்ந்துகொண்டாள். நான் சுமை தூக்கப் போனேன். மூன்று நீள மேஜை. ஒன்றில் காலுறை, சோப்பு, சவர பிளேடு, காலுக்குப் போடும் பவுடர், நூலும் ஊசியும், டார்ச் பேட்டரி, பிஸ்கெட். இரண்டாவதில் தராசு, ஒரு பெட்டி இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது, நூறு கிராம் கூடினால் பிஸ்கெட்டை எடுப்பதா சோப்பை எடுப்பதா என்று அங்கே தினமும் சண்டை. மூன்றாவது மேஜை கடிதம் எழுதுகிறவர்களுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே மேட்ரன் அம்மா, பெரியாஸ்பத்திரியில் தலைமை நர்சாக இருந்தவர், குரல் இன்னும் வார்டில் இருக்கிற மாதிரியேதான். சுவரில் மூன்று விதி ஒட்டி வைத்திருக்கிறார். எங்கே இருக்கிறாய் என்று கேட்காதே, பத்திரிகைச் செய்தி எழுதாதே, உன் வீட்டில் நோய், சாவு என்றால் அதை எழுதவே எழுதாதே. அந்த மூன்றாவதைப் பற்றி யாராவது வாய் திறந்தால், "அங்க அவங்க பாக்குறது பத்தாதா, நம்ம பங்குக்கு நாம வேறயா" என்பார். வாயை மூடிக்கொண்டு எழுத வேண்டியதுதான்.

யாரிடமிருந்தும் கடிதம் வராதவர்கள் என்று ஒரு பட்டியல் கூடத்துக்கு வரும். அதிலிருந்துதான் அம்மாவுக்கு அந்தப் பையன் கிடைத்தான். விடுதியில் வளர்ந்தவன், சொந்தம் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. கொடுத்த கால்சட்டை இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டிக்கொண்டு திரிவதாக முதல் கடிதத்திலேயே எழுதினான், அன்றிலிருந்து அவன் பெயர் ஒல்லி. அவனும் அப்படியே கையெழுத்துப் போட ஆரம்பித்தான். உன் அம்மாவை அம்மா என்பான், என்னை அய்யா என்பான். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பொறாமைகூட இருந்தது, சொல்லிவிடுகிறேன். எனக்குக் காபி ஆறிப்போகும், அவள் ஒல்லிக்கு எழுதிக்கொண்டிருப்பாள்.

அம்மா எதையும் முன்கூட்டியே செய்து வைக்கிறவள் என்பது உனக்குத் தெரியும். பரீட்சை முடியுமுன்பே சான்றிதழ்களை நிரப்பி வைத்துவிட்டுத் தலைமை ஆசிரியரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். கடிதத்திலும் அதே கதை. ஒரே உட்காரலில் நாலைந்து எழுதிவிடுவாள். "நாளைக்குக் கை ஒடிஞ்சா யாரு எழுதுவா, அந்தப் புள்ள காத்துக்கிட்டு இருக்குமில்ல" என்பாள். தேதி இல்லாமல், எந்த வாரத்துக்கும் பொருந்துகிற மாதிரி, வாசல் மரம், ஒழுகுகிற குழாய், என் குறட்டை, கடைக்காரர் வீட்டுப் பூனை குட்டி போட்டது, இப்படி எழுதி ஓரத்தில் பென்சிலால் எண் போட்டு அந்த எவர்சில்வர் பெட்டியில் அடுக்கிவிடுவாள். உறைமேல் விலாசம் மட்டும் அனுப்புகிற அன்றுதான் எழுதுவாள், படை இடம் மாறினால் தபால் எண்ணும் மாறிவிடும் என்பதால். அதைவிட முக்கியம் அந்தத் துண்டுச் சீட்டு. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று ஒல்லிக்கு அவள் கட்டளை போட்டிருந்தாள், "இல்லன்னா நான் செவுத்தோட பேசுற மாதிரி இருக்கு" என்று. அவன் கேள்வி வந்ததும் அதற்கு மட்டும் அன்றைக்கு அன்றே ஒரு சீட்டில் பதில் எழுதி, பெட்டியிலிருந்து எடுத்த கடிதத்தின்மேல் குண்டூசியால் குத்தி அனுப்புவாள். கடிதம் பழசு, சீட்டு புதுசு. சீட்டைப் பார்த்துத்தான் அவன் முகம் மலருமென்று அவள் சொல்வாள், நான் காதில் வாங்கியதில்லை.

அவள் போனபோது நீ வந்தாய், பதினோரு நாள் இருந்தாய், விடுப்பையெல்லாம் தீர்த்துவிட்டுப் போனாய். ஒன்பது மாதம் முடிந்து பத்தாவது நடக்கிறது. நீ விமானம் ஏறிய மூன்றாம் நாள் அந்தப் பெட்டியைத் திறந்தேன். பத்தொன்பது கடிதம் இருந்தது. முறைப்படி மேட்ரன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு, ஒல்லிக்கு வேறு ஆள் போடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. விலாசத்தை என் கையால் எழுதி, முதல் கடிதத்தை உறையில் போட்டு, திங்கட்கிழமை கூடத்துப் பையில் போட்டுவிட்டு வந்தேன். அடுத்த திங்கள் இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதைப் பிரித்து ஒரு தடவை படிப்பேன், குழாயைப் பற்றி என்னைத் திட்டியிருப்பாள், சிரிப்பு வரும், பிறகு சிரிக்க ஆள் இல்லை என்பது உறைக்கும். என்ன செய்கிறேன் என்று தெரியாமல் செய்யவில்லை தும்பி. அந்தப் பையன் கணக்கில் உன் அம்மா உயிரோடு இருந்தாள், நானும் போய் அந்தக் கணக்கிலேயே குடியிருந்துவிட்டேன். நீ அங்கே வந்து இருங்கள் என்று கூப்பிட்டபோதெல்லாம் முழங்கால், தண்ணீர்த் தொட்டி, வீட்டைப் பூட்டிப் போட்டால் கரையான் என்று ஆயிரம் சாக்குச் சொன்னேனே, எல்லாம் பொய். திங்கட்கிழமை கடிதம் போட ஆள் வேண்டும், அதுதான் காரணம்.

ஒல்லியின் பதில்கள் அம்மா பெயருக்கே வந்துகொண்டிருந்தன. கடைசி வரியில் ஒரு கேள்வி இருக்கும். நான் சீட்டு வைக்கவில்லை. வைத்தால் கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும். முதலில் அம்மாவுக்கு மூட்டுவலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். பிறகு போகப்போகக் கேள்வியெல்லாம் என் பக்கம் திரும்பியது. அய்யா நேரத்துக்குச் சாப்பிடுகிறாரா. அய்யா காலையில் நடக்கப் போகிறாரா. அய்யாவுக்குப் பேச்சுத்துணைக்கு யாராவது வருகிறார்களா. மரியாதை தெரிந்த பையன், வீட்டு ஆம்பளையை விசாரிக்கிறான் என்று நினைத்துக்கொண்டு மடித்து வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவன் நான், எண் கண்ணுக்கு நேரே ஓடியும் எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

பத்தொன்பதாவது கடிதத்தை மட்டும் நான் படிக்காமலே உறையில் போட்டேன். படித்துவிட்டால் அவள் அத்தோடு தீர்ந்துபோவாள் என்று பயமாக இருந்தது. அதை அனுப்பிய பிறகு பெட்டி காலி. ஒரு வாரம் கூடத்துப் பக்கமே போகவில்லை. பிறகு உட்கார்ந்து ஒல்லிக்கு உண்மையை எழுதினேன். எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் ஒரு பக்கம் தேறியது. அம்மா இறந்துவிட்டாள், இத்தனை மாதம் நான்தான் அனுப்பினேன், மன்னித்துக்கொள் தம்பி என்று. மூன்றாம் விதியை மீறிய கடிதம், கூடத்துப் பையில் போட்டால் மேட்ரன் அம்மா பிடித்துவிடுவார், அதனால் பெரிய தபாலாபீசுக்கு நடந்து போய் நானே போட்டேன். இருபத்துநான்காம் நாள் அது பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது, மேலே சிவப்பு முத்திரையோடு. அந்த முத்திரைக்கு என்ன அர்த்தம் என்று கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். உறையைக் கையில் எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போனேன். மேட்ரன் அம்மா என்னைத் திட்டவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க முதல்ல" என்றார், அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, அது ஒருபக்கம். இன்னொருபக்கம் வேறொன்று வந்தது, அதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அப்பாடா, அவன் படிக்கவில்லை என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதி வந்ததற்காக என்னையே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. ஒரு பொய்யை நம்பிக்கொண்டே ஒரு பையன் செத்துப்போனான், அந்தப் பொய்யை வாராவாரம் தபால்தலை ஒட்டி அனுப்பியவன் நான் என்றுதான் மூன்று மாதமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு அடுத்த மாதம்தான் கண். ஒரு காலையில் இடது கண்ணில் பாதித் திரை போட்ட மாதிரி கறுப்பாக இறங்கியது. வலது கண் ஏற்கெனவே பேருக்குத்தான் இருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு விழித்திரை விலகிவிட்டது, இந்த வாரமே அறுக்க வேண்டும், மூன்று வாரம் குப்புறப் படுக்க வேண்டும், அதன் பிறகும் நான் சொல்லும்வரை ஓர் எழுத்துகூடப் படிக்கக் கூடாது என்றார். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாய், அம்மாவுக்காக எடுத்த விடுப்புக்கே உன் மேலதிகாரி முகம் கோணினான் என்று எழுதியிருந்தாயே. அதனால் நான் பெரிய புத்திசாலித்தனமாக ஒரு வேலை செய்தேன். அம்மாவின் வழியைப் பிடித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின இரண்டு நாள் உட்கார்ந்து உனக்கு எட்டுக் கடிதம் எழுதினேன். எட்டிலும் நான் சுகம். எதிர்வீட்டுத் தையல்காரரிடம் கொடுத்து, திங்களுக்கு ஒன்றாகப் போட்டுவிடச் சொன்னேன். உன் பள்ளிச் சீருடையை எப்போதும் இரண்டு அங்குலம் நீளமாகவே தைத்துக் கொடுத்துவிட்டு, வளருகிற பிள்ளைதானே என்பாரே, அவரேதான். இதில் மட்டும் ஒரு நூல் பிசகவில்லை மனுஷர், வாரம் தவறாமல் போட்டிருக்கிறார்.

வேலையில் இருந்தபோது, கதவு பூட்டியிருக்கும் வீட்டுக்குச் சராசரி போட்டு எழுதிவிட்டு வந்துவிடுவோம். முந்தின தடவை எவ்வளவு ஓடியதோ, இந்தத் தடவையும் அவ்வளவுதான் ஓடியிருக்கும் என்று. உள்ளே என்ன நடந்தது என்று யார் பார்த்தது. உனக்கும் அப்படித்தான் சராசரி போட்டு எழுதியிருக்கிறேன். நீ எப்போதும்போல் இருப்பாய், எப்போதும்போல் சிரிப்பாய் என்று எட்டு வாரத்துக்குச் சேர்த்து எழுதி ஒட்டிவிட்டேன். அதில் நாலாவதுதான் உன் அறையைப் பற்றியது. கூடத்தில் கூரை ஒழுகுகிறது என்று மேட்ரன் அம்மா பெட்டிகளை நம் வீட்டில் வைக்கச் சொல்லியிருந்தார், அறுபத்துமூன்று பெட்டி, உன் கட்டில்மேல் ஏறி ஜன்னல் வரைக்கும். பார்க்க வேடிக்கையாக இருந்ததால் அப்படியே எழுதினேன். அம்மாவிடமிருந்து முன்கூட்டி எழுதுவதை எடுத்துக்கொண்டேனே தவிர, சீட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

உன் கடிதம் வந்தபோது நான் குப்புறப் படுத்திருந்தேன். அறையில் தரை ஓடு எத்தனை, விரிசல் எத்தனை என்று கேள், இப்போதும் சொல்வேன். தையல்காரர் உறையைக் கொண்டுவந்து, "பாப்பா போட்டிருக்கு, படிச்சுக் காட்டட்டுமா" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். என் மகள் எனக்கு எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்பதா என்று ஒரு வீம்பு. தலையணைக்கு அடியில் செருகி வைக்கச் சொன்னேன். முகம் கவிழ்ந்து கிடந்தேன் என்றேனே, என் மூக்குக்கு நேர் கீழே மூன்று வாரம் உன் கேள்வி இருந்திருக்கிறது. போனில் உன் குரல் கம்மியிருந்தது, சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டேன், ஆமாம் என்றாய். நம் வீட்டில் போனில் எப்போது யார் உண்மை பேசினோம், சாப்பிட்டாயா தூங்கினாயா என்பதோடு சரி, பெரியது எல்லாம் காகிதத்தில்தான். நீ காகிதத்துக்காகக் காத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியவில்லை. அப்புறம் நீ போன் எடுப்பதையே நிறுத்தியபோது, வேலை அதிகம்போல என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த நாட்களில் இன்னொன்றும் வந்தது. படையிலிருந்து ஒரு சின்ன மரப்பெட்டி. தையல்காரர்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி உன் அறையில் மற்றப் பெட்டிகளின்மேல் வைத்தார். நெருங்கிய உறவு என்று நிரப்புகிற இடத்தில் ஒல்லி உன் அம்மா பெயரை எழுதியிருக்கிறான், உறவுமுறை என்ற இடத்தில் அம்மா என்று போட்டிருக்கிறான். அதனால் அவன் சாமான் எல்லாம் நம் வீட்டுக்கு வந்துவிட்டது.

போன வியாழக்கிழமை டாக்டர் தினமும் அரைமணி நேரம் படிக்கலாம் என்றார். வீட்டுக்கு வந்ததும் உன் உறையைத்தான் முதலில் பிரித்திருக்க வேண்டும். நான் மரப்பெட்டியைத் திறந்தேன். ஏன் என்று தெரியவில்லை, பத்து வாரமாகப் படிக்காததற்கு நீ என்னைக் கோபித்திருப்பாய் என்று தோன்றியிருக்கும், செத்தவன் கோபிக்க மாட்டான் அல்லவா. உள்ளே ஒரு சீப்பு, ஒரு தகரக் குவளை, நாங்கள் அனுப்பிய காலுறை ஜோடி பிரிக்காமலே, இடுப்பில் கட்டிய அந்தக் கயிறு, ஷூ நாடாவால் கட்டிய கடிதக் கட்டு. ஒவ்வொரு உறையின் பின்னாலும் பென்சிலால் ஒரு வரி எழுதி வைத்திருக்கிறான், பதில் எழுதும்போது ஞாபகத்துக்காக இருக்கும். பழைய உறைகளில், பூனைக்குட்டிக்கு என்ன பெயர் என்று கேட்க வேண்டும், குழாயைச் சரிசெய்தாரா என்று கேட்க வேண்டும் என்றெல்லாம். பிறகு என் கையெழுத்து விலாசம் இருக்கும் உறைகள் வந்தன. முதலாவதில், கேள்விக்குப் பதில் இல்லை என்று எழுதியிருந்தான். இரண்டாவதில், சீட்டு இல்லை, உறையில் வேறு கையெழுத்து. மூன்றாவதில் மறுபடியும் கேள்விக்குப் பதில் இல்லை. நாலாவதில், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லையோ. ஐந்தாவதில் ஒன்றுமில்லை. ஆறாவதில் எழுதியிருந்ததை அப்படியே எழுதுகிறேன். "அம்மா இல்லை. அனுப்புவது அய்யா. கேட்கக் கூடாது. அய்யாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும்."

அதற்குப் பிறகுதான் அய்யா சாப்பிடுகிறாரா, அய்யா நடக்கிறாரா என்று கேட்டிருக்கிறான். அவனுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று நான் கடிதம் போட்டுக்கொண்டிருக்க, நான் கடிதம் போட வேண்டுமே என்பதற்காக அவன் பதில் எழுதிக்கொண்டிருந்திருக்கிறான். நான் அவனை ஏமாற்றவில்லை என்று சந்தோஷப்படுவதா, இத்தனை நல்ல பையனை ஒரு நாள்கூட முகம் பார்க்காமல் விட்டுவிட்டேனே என்று அழுவதா. பதின்மூன்று கேள்வி என்னைப் பற்றி மட்டும் கேட்டிருக்கிறான், ஒன்றுக்குக்கூட நான் ஆமாம், சாப்பிட்டேன் தம்பி என்று ஒரு வரி எழுதவில்லை. பத்தொன்பதாவது உறை மட்டும் பிரிக்கப்படவே இல்லை. அதன் பின்னால் பென்சில் எழுத்தும் இல்லை. நானும் பிரிக்கவில்லை, என் மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.

அந்தக் கையோடு உன் கடிதத்தைப் பிரித்தேன். தேதியைப் பார்த்தேன். தையல்காரரிடம் ஓடிப்போய் எந்தத் திங்கள் எதைப் போட்டார் என்று கேட்டேன், நாலாவதில் நான் என்ன எழுதினேன் என்பது ஞாபகம் வந்தது. தும்பி, அந்த இடத்திலேயே அவர் கடை வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். சலவைக்கடை மாடியில், பக்கத்தில் ஒருவருமில்லாமல், அந்த வரியை நீ எப்படிப் படித்திருப்பாய். ஒரு தடவை படித்திருப்பாயா, நம்பாமல் இரண்டு மூன்று தடவை படித்திருப்பாயா. அதற்கு அப்புறமும் வாராவாரம் உன் அப்பாவிடமிருந்து தண்ணீர்த் தொட்டியைப் பற்றியும் பூனையைப் பற்றியும் கடிதம் வந்துகொண்டே இருந்திருக்குமே. ஒல்லியாவது பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டான். நீ எங்கே எழுதி வைத்தாயோ தெரியவில்லை. அப்பாவை மன்னித்துவிடு. இதைவிட நல்ல வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றி நீ அதிகம் எழுதவில்லை, நானும் தோண்டவில்லை. யார் பக்கம் தப்பு என்று நான் கேட்கப் போவதில்லை. அவர்மேல் கோபம் இல்லை என்றால் பொய், ஆனால் அம்மா போனபோது என் பக்கத்தில் உட்கார்ந்து என் செருப்பைத் துடைத்துக் கொடுத்தவர், அதையும் மறக்க முடியவில்லை. எந்தக் காகிதத்திலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. கீழே ஈரத்துணி காய்கிற அறை என்றால் சுவர் ஓதம் ஏறும், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போடு, உனக்கு நெஞ்சில் சளி சீக்கிரம் கட்டும். தனியாக இருக்கிறோம் என்று ரொட்டியும் டீயுமாகப் பொழுதை ஓட்டாதே. என்னைப் பார், அதைச் செய்துதான் கால்சட்டை இடுப்பில் நிற்கவில்லை, கயிறு ஒன்று கைவசம் இருக்கிறது, அது போதும் எனக்கு.

மேட்ரன் அம்மாவிடம் வெள்ளிக்கிழமை எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கணக்கு நோட்டை மூடினார். பிறகு, "பொண்ணு கட்டில்மேல நம்ம பெட்டிய அடுக்கிட்டு ஊருக்கெல்லாம் ஆறுதல் எழுதுறோமாக்கும்" என்று தன்னையே திட்டிக்கொண்டு நேரே நம் வீட்டுக்கு வந்துவிட்டார். இந்த வயசில் அவரே இரண்டு இரண்டு பெட்டியாகத் தூக்கினார், நான் கனம் தூக்கக் கூடாது என்று என்னை மூலையில் உட்கார வைத்துவிட்டார். இப்போது அறுபத்துமூன்றும் தையல்கடையில் வெட்டுமேஜைக்கு அடியில் இருக்கிறது. உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே தைக்கிறேன் என்று அவர் ஊர் முழுக்கப் புலம்பிக்கொண்டிருக்கிறார். கடிதம் எழுத எனக்கு வேறு பையன் பெயர் தரட்டுமா என்று மேட்ரன் அம்மா கேட்டார். இப்போதைக்கு வேண்டாம், தராசில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். என் கையில் இன்னொரு பிள்ளையைக் கொடுக்க எனக்கே தைரியம் இல்லை.

இந்தக் கடிதம் இன்றைக்கு எழுதி இன்றைக்கே போடுவது. அரைமணி அரைமணியாக எழுதுவதால் நாலு நாளாகிவிட்டது, அதனால் இன்றைக்கு என்பதும் கொஞ்சம் பொய்தான், ஆனால் கடைசிப் பக்கம் நிச்சயமாக இன்றைக்கு. தபாலாபீசுக்கு நானே போகிறேன், தையல்காரரை நம்பவில்லை. இனிமேல் உனக்கு முன்கூட்டி எழுத மாட்டேன். வாரக்கணக்கில் எழுதாமல் இருந்தால், எழுத ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, கண்ணுக்கு ஓய்வு என்று அர்த்தம். நீ எதைக் கேட்டாலும் கடைசி வரியில் கேள், அதைத்தான் இனி முதலில் படிப்பேன். டிராயரில் இருக்கும் உறையைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை, அம்மாவின் கடைசிக் கடிதம் அது, நீ பிரித்துப் படித்துக் காட்டினால் கேட்டுக்கொள்கிறேன். உன் வாயால் கேட்பதில் எனக்கு வீம்பு இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நெஞ்சைப் போர்த்திக்கொண்டு வெளியே போ. எந்த ஊரில், எந்த மாடியில் இருந்தாலும் நீ நல்லபடியாக, யாருக்கும் தலைகுனியாமல் இருக்க வேண்டும், அதுதான் அப்பாவின் ஆசியும் அம்மாவின் ஆசியும். அம்மா சீட்டை எப்போதும் மேலே குத்துவாள். நீ எல்லாவற்றையும் படித்த பிறகு பார்க்க வேண்டும் என்று நான் கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் குத்தியிருக்கிறேன். குண்டூசி பத்திரம், விரலில் ஏற்றிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
கண் தெரிகிற வரைக்கும், தெரியாவிட்டாலும்,
உன் அப்பா

(சீட்டு)

நீ கேட்டதற்குப் பதில். இருக்கிறது. முழு அறையும் இருக்கிறது. கட்டிலை ஜன்னல் பக்கம் தள்ளிப் போட்டு, மெத்தையை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து உதறிப் போட்டிருக்கிறேன். அலமாரியில் உன் மூன்று தட்டும் காலி. ஒரே ஒரு பெட்டி மட்டும் அங்கே இருக்கிறது, அது ஒல்லியுடையது, மூலையில் அது பாட்டுக்கு இருக்கும், உனக்கு இடைஞ்சல் இல்லை.

என் கேள்வி. என்றைக்கு வருகிறாய்?